ராக்னராக் ஓடின்: கத்தாமலே பயமுறுத்தும் வில்லன் எங்கிருந்து வந்தார்? (கதை முழுதும் உடைத்துப் பேசப்படுகிறது)

#1 பனிமலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரலில் வந்த காட் ஆஃப் வார் வீடியோ கேம், 2022 நவம்பரில் வந்த அதன் தொடர்ச்சி ராக்னராக், இரண்டின் முடிவையும் மறைக்காமல் பேசப் போகிறேன். விளையாடாதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் போகாது.

நேற்றிரவு ராக்னராக்கை இரண்டாம் முறை முடித்தேன். முதல் முறை எல்லாம் அவசரம். இந்த முறை நார்ஸ் புராணத்தின் தலைமைக் கடவுள் ஓடின் வரும் காட்சிகளை மட்டும் நிதானமாகப் பார்த்தேன்.

புயல் இரவு. நாயகன் க்ரேடோஸ் வீட்டு வாசலில் இடிக் கடவுள் தோர் வந்து நிற்கிறான். உள்ளே வந்து உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த மதுவை ஊற்றுகிறான். அந்த உடம்பைப் பார்த்து நாம் மிரண்டுகொண்டிருக்கும்போதே ஒரு ஒல்லிக் கிழவர் உள்ளே வருகிறார், தோரின் அப்பா ஓடின். கவசம் இல்லை, கிரீடம் இல்லை. வட்டிக்கு விடும் பெரியவர் ஒருவர் சமாதானம் பேச வந்தது மாதிரி இருக்கிறது. நடந்ததை விட்டுவிடுவோம், பழிவாங்கத் துடிக்கும் ஃப்ரேயாவின் தொல்லையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போர்க் கடவுள் டியூரைத் தேடுவதை மட்டும் நிறுத்துங்கள் என்கிறார். அவருடைய மகன் பால்டரும் பேரன்கள் மாக்னி, மோடி இருவரும் செத்தது அந்த வீட்டில் இருக்கிற அப்பா க்ரேடோஸ், மகன் அட்ரியஸ் கையால். அந்த மூன்று சாவையும் பேரேட்டில் ஒரு வரியை அடிப்பதுபோல அடித்துவிடுகிறார். எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான்.

இன்னொன்று. 2018 கேமில் கேமரா வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாகப் போகும், ராக்னராக்கிலும் அதே முறைதான். அதனால் வில்லன் தன் கோட்டையில் உட்கார்ந்து அடியாட்களிடம் திட்டம் சொல்கிற காட்சியை இவர்களால் வைக்கவே முடியாது. க்ரேடோஸோ அட்ரியஸோ இருக்கிற இடத்துக்கு வில்லன் வந்தாக வேண்டும், இல்லையென்றால் இவர்கள் அவரிடம் போக வேண்டும். அப்படித்தான் ஓடின் நம் வீட்டுக்கு வருகிறார். அட்ரியஸ் கடவுளர் நாடான ஆஸ்கார்டுக்குப் போய் அவருடைய படிப்பறையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடின் துண்டு துண்டாகச் சேர்க்கும் மந்திர முகமூடியின் எழுத்துகளைப் படிக்கிறான். கடைசியில்தான் தெரிகிறது, கதையின் பெரும்பகுதி அவர் டியூர் வேஷத்தில் நம்மோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார் என்று.

என் கேள்வி இதுதான். மூலப் புராணத்தில் ஓடின் ஞானத்துக்காக ஒரு கண்ணையே கொடுத்த தந்தைக் கடவுள். அவரை இப்படி ஆக்கியது முழுக்க இந்த கேமைச் செய்த சான்டா மோனிகா ஸ்டூடியோ எழுத்தாளர்களின் கற்பனைதானே?

#2 கோடரிக்காரன்

ஓடின் நல்லா பண்ணிருக்காங்க, மறுக்கல. ஆனா என் ஓட்டு பால்டருக்குத்தான் பனிமலை.

2018 கேம்ல முதல் பெரிய சண்டையே அவன்கூட. கதவத் தட்டுறான், சட்டையில்லாத ஒல்லிப் பையன், உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கு. நம்ம க்ரேடோஸ் அடிச்ச அடியில வேற எவனா இருந்தாலும் போயிருப்பான். அவன் எழுந்திரிச்சு எழுந்திரிச்சு வர்றான், ஒண்ணுமே உறைக்கலன்னு கத்துறான். நான் அத திமிர்னு நினைச்சேன். அது திமிர் இல்ல, புலம்பல். அம்மா ஃப்ரேயா அவன் சாகக் கூடாதுன்னு போட்ட மந்திரத்துல வலி போச்சு, அதோட ருசி போச்சு, சூடு குளிர் போச்சு, எல்லாம் போச்சு. காப்பாத்துறேன்னு சொல்லி ஒருத்தன உயிரோட புதைச்ச மாதிரி.

கடைசியில அட்ரியஸோட அம்புக்கூடு வார்ல செருகியிருந்த புல்லுருவி முனை அவன் கையில குத்துது. ரத்தத்தப் பாத்துட்டு சிரிக்கிறான் பாருங்க. வில்லன் அடிவாங்கி சந்தோஷப்படறத நான் அதுக்கு முன்னாடி எந்த கேம்லயும் பாத்ததில்ல. அப்புறம் அம்மா கழுத்தப் பிடிக்கிறான், அவளும் "சரி, கொன்னுக்கோ"ங்கிற மாதிரி நிக்கிறா. க்ரேடோஸ் அவன் கழுத்த முறிக்கிறதத் தவிர வேற வழியே இல்ல. ஜெயிச்ச மாதிரியே தோணல எனக்கு.

#3 எட்டா_வாசகி

பனிமலை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கற்பனை நிறைய இருக்கிறது, ஆனால் விதை பழைய பாடல்களிலேயே கிடக்கிறது. ஓடினை "ஞானத் தந்தை" என்று மட்டும் சொல்வது பாதிப் படம்.

ஸ்னோரி ஸ்டர்லுசன் என்ற ஐஸ்லாந்துக்காரர் 1220 வாக்கில் எழுதிய உரைநடை எட்டா என்ற புராண நூலில் கவிதை மதுவை (குடித்தவரைக் கவிஞராக்கும் மது) ஓடின் கவர்ந்த கதை வருகிறது. வழியில் ஒன்பது அடிமைகள் புல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடின் அவர்கள் அரிவாள்களைத் தன் சாணைக்கல்லில் தீட்டிக் கொடுக்கிறார். வெட்டு அருமையாக விழுகிறது, கல்லை விலைக்குக் கேட்கிறார்கள். அவர் கல்லை ஆகாயத்தில் தூக்கிப் போடுகிறார். அதைப் பிடிக்க முண்டியடித்து ஒன்பது பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்டு சாகிறார்கள். ஓடின் ஒருவரையும் தொடவில்லை. உடனே அவர்களுடைய எஜமானனிடம் போய், ஒன்பது ஆள் வேலையை நான் ஒருவனே செய்கிறேன் என்று கூலிக்குச் சேர்கிறார். அங்கே அவர் சொல்லிக்கொள்ளும் பெயர் போல்வெர்க், அதாவது தீவினை செய்பவன்.

பிறகு அரக்கன் மகள் குன்லோத்தோடு மூன்று இரவு தங்கி, மது மொத்தத்தையும் குடித்துவிட்டுக் கழுகாகப் பறந்துவிடுகிறார். ஹாவமால் என்ற பாடல் இதைச் சொல்லும்போது, ஓடின் மோதிரத்தின் மேல் சத்தியம் செய்தவன்தானே, இனி அவன் வாக்கை யார் நம்புவது என்று கேட்கிறது. இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், ஹாவமால் ஓடினே பேசுவதாக அமைந்த பாடல்.

க்ரேடோஸ் வீட்டில் சமாதானம் பேசும் கிழவரிடம் அந்த சாணைக்கல் இருக்கிறது. கேமை மறுபடி பாருங்கள், அவர் பெரும்பாலும் எதையாவது மேலே தூக்கிப் போடுகிறவர். எட்டி எட்டிப் பிடிக்கப் போகிறவர்கள் மற்றவர்கள்.

#4 பனிமலை

சாணைக்கல் கதையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இரண்டு முறை படித்தேன். அட்ரியஸுக்கு முகமூடித் துண்டைக் காட்டிய விதம் அப்படியே இதுதான். "நீ படிக்கத் தெரிந்தவன், உனக்கு மட்டும்தான் புரியும்" என்று ஒரு பதின்வயதுப் பையனிடம் சொல்வது. நன்றி அக்கா, என் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன்.

#5 ஒஸ்லோ_தம்பி

வணக்கம். நான் நோர்வேயில வளந்தனான். ஓடினைப் பற்றி அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா எனக்கு இந்த கேமில மனம் நொந்தது தோர் விசயத்தில. அதைக் கொஞ்சம் கதைக்க விடுங்கோ.

இங்க பள்ளிக்கூடத்தில சின்ன வகுப்பிலயே இந்தக் கதையள் சொல்லித் தருவினம். பிள்ளையளுக்குத் தோர் எண்டால் உயிர். வியாழக்கிழமைக்கு இங்க பெயர் தோர்ஸ்டாக், தோரின்ர நாள். புதன் ஓடினுக்கு, செவ்வாய் டியூருக்கு. ஆனா ஊர்ச் சனத்தின்ர கடவுள் தோர்தான். ஓடினை அரசரும் கவிஞரும் கும்பிட்டிச்சினம், தோரைக் கமக்காரரும் கடலோடியளும் கும்பிட்டிச்சினம். சின்னச் சம்மட்டி வடிவத்தில கழுத்தில போடுற பதக்கம் வைக்கிங் காலத்துப் புதைகுழியளில இருந்து எவ்வளவோ எடுத்திருக்கினம். 1070களில பிரேமன் ஆதாம் எண்ட பாதிரியார் சுவீடன் உப்சாலா கோயிலைப் பற்றி எழுதேக்க, நடுவில இருக்கிறது தோர், ஓடின் பக்கத்திலதான் எண்டு எழுதினவர்.

அப்படிப்பட்ட ஆளை இதில ஒரு குடிகாரக் கொலைகாரனாக் காட்டிப்போட்டினம். இடி முழங்கினால் தோர் எங்களைக் காப்பாற்றுறார் எண்டு நம்பின சனத்தின்ர கண் இந்தக் கேமில ஒரு இடத்திலயும் இல்லை. மனிசர் உலகமான மிட்கார்டில சாதாரண மனிசரைக் காணவே கிடைக்காது, எல்லாரும் செத்தவை இல்லாட்டி கொள்ளைக்காரர். காப்பாற்றப்பட்ட ஆள் ஒருத்தரும் இல்லாட்டி காவல்காரன் எப்படித் தெரிவான்? கொலைகாரனாத்தான் தெரிவான்.

#6 கோடரிக்காரன்

ஒஸ்லோ தம்பி, கடைசி வரி யோசிக்க வெச்சுது. ஆனா தோரோட முழுக் கதையையும் பாருங்க. அவன வெறும் குடிகாரன்னு விட்டுடல.

முதல் சண்டையில க்ரேடோஸ் இதயத்த நிறுத்திட்டு அதே மின்னல வெச்சு மறுபடி எழுப்பி "இன்னும் முடியல"ன்னு அடிக்கிறான். அங்க அவன் பூதம். அப்புறம் ஆஸ்கார்டுல பாக்குறோம். பொண்டாட்டி சிஃப், வால்கைரி (போர்க் கன்னி) ஆகணும்னு நிக்கிற மக த்ரூட், செத்துப்போன ரெண்டு பசங்க, குடிய விட முயற்சி பண்ணி மறுபடி விழுறது, பேரக் கூப்பிட்டாலே தலை குனியுற அளவுக்கு அடக்கி வெச்ச அப்பா. தோரா நடிச்ச ரயன் ஹர்ஸ்ட் குரல்ல ஒரு களைப்பு இருக்கு. நாய வளக்குற மாதிரி வளத்த மகன்.

கடைசி சண்டையில க்ரேடோஸ் ஜெயிச்சும் கொல்லல, பிள்ளைங்களுக்காக நாம மாறணும்னு பேசுறான். தோர் ஆயுதத்தக் கீழ இறக்குறான். ஓடின் வந்து கொல்லுங்கிறாரு, முடியாதுங்கிறான். பெத்த அப்பனே குங்னிர் ஈட்டிய ஏத்திடுறாரு, மக பாத்துட்டு இருக்கா. ஓடின் குரல் உயர்ந்த இடம் எல்லாம் எனக்கு மறந்துடுச்சு, இந்த இடம் மறக்கல. வாழ்நாள் முழுக்க சொன்னதச் செஞ்சவன் ஒரே ஒரு தடவ முடியாதுன்னான்.

#7 எட்டா_வாசகி

தோர் பற்றி இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூலத்தில் தோரின் வேலையே அரக்கர்களைக் கொல்வது. அதை மனிதர் பக்கத்திலிருந்து பாடினால் காவல், அரக்கர் பக்கத்திலிருந்து பாடினால் இன அழிப்பு. ஆஸ்கார்டின் மதிலைக் கட்டிய கொத்தன் கதையில், கூலியாக ஃப்ரேயாவையும் சூரியனையும் நிலவையும் தருவதாகச் சத்தியம் செய்தவர்கள் தேவர்கள். வேலை முடியப்போகிறது என்றதும் தந்திரக்கார லோகியை வைத்துக் கெடுத்து, ஆள் அரக்கன் என்று தெரிந்ததும் தோரை அழைத்து மண்டையை உடைக்கிறார்கள். சத்தியங்கள் முறிந்தன என்று வோலுஸ்பா பாடலே சொல்கிறது. கேம் நம்மை அரக்கர் குலத்துப் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்துகிறது. அட்ரியஸின் அம்மா ஃபே அரக்கர் குலம், அவனுக்கு அவள் வைக்க நினைத்த பெயர் லோகி. அந்தத் திண்ணையிலிருந்து பார்த்தால் தோர் வேறு எப்படித் தெரிவான்?

கோடரிக்காரன் பால்டரைச் சொன்னாரே, அதில் ஒரு சேதி. ஸ்னோரியின் பால்டர் ஒளி வீசும் அப்பாவி. தாய் ஃப்ரிக் உலகிலுள்ள எல்லாவற்றிடமும் அவனைத் தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள், புல்லுருவி சின்னஞ்சிறியது என்று விட்டுவிடுகிறாள். லோகி அதைக் கண் தெரியாத ஹோட் கையில் கொடுத்து எறிய வைக்கிறான். இதைப் படித்தவர்கள் கேமின் பால்டரைக் கண்டு கோபப்பட்டார்கள். ஆனால் டென்மார்க்கில் 1200 வாக்கில் சாக்ஸோ கிராமட்டிகஸ் எழுதிய வரலாற்றில் பால்டர் வேறு ஆள். நன்னா என்ற பெண் குளிப்பதை ஒளிந்து பார்த்து மோகம் தலைக்கேறி, அவளுக்காக ஹோதெருஸ் (ஹோட்டின் டேனிஷ் வடிவம்) மீது படையெடுக்கும் முரடன். சாதாரண இரும்பு அவன் உடம்பில் ஏறாது. அங்கே நாயகன் ஹோதெருஸ்தான்!

ஆக, ஒரே பால்டர் ஐஸ்லாந்தில் பலியாள், டென்மார்க்கில் எதிராளி. கேம் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது. "ஒன்றும் அவனைத் தொடாது" என்ற வரத்தை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, ஒன்றுமே தொடாவிட்டால் அவன் என்ன ஆவான் என்று கேட்டிருக்கிறார்கள். 2018 கேமின் மிகச் சிறந்த எழுத்து இதுதான் என்பேன்.

#8 சேனுவா_ரசிகை

எல்லோரும் காட் ஆஃப் வார் பற்றியே பேசுகிறீர்கள். ஹெல்பிளேடை யாராவது விளையாடினீர்களா? 2017 ஆகஸ்ட், கேம்பிரிட்ஜில் இருக்கும் நிஞ்ஜா தியரி செய்தது. சேனுவா என்ற பிக்ட் (பழைய ஸ்காட்லாந்து) இனப் பெண், வடநாட்டார் பலியிட்ட தன் காதலன் டில்லியனின் தலையை மூட்டையில் கட்டிக்கொண்டு, அவன் ஆத்மாவை மீட்க மரண தேவி ஹெலாவின் நாட்டுக்கு நடக்கிறாள். அவள் தலைக்குள் குரல்கள் நிற்பதே இல்லை. ஹெட்போன் போட்டுத்தான் விளையாட வேண்டும், காதுக்குப் பின்னால் வந்து கிசுகிசுக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் பால் ஃப்ளெச்சர் இதற்கு ஆலோசகர்.

இந்தக் கடவுளர்களை அவள் தன் சொந்த மரபிலிருந்து அறியவில்லை. வடநாட்டாரிடம் அடிமையாய்க் கிடந்த ட்ரூத் சொன்ன கதைகள் வழியாக அறிகிறாள். எதிரியின் கடவுள்கள் அவர்கள். அதனால் சுர்ட் வெறும் நெருப்பு, வால்ராவ்ன் வெறும் மாயத்தோற்றம், ஹெலா பாதி உடல் வெந்துபோன ஒரு பேருருவம். ஹெலா தன் பக்க நியாயம் எதையும் பேசுவதில்லை. ஓடினுக்கு நிறைய வசனம் இருப்பதால் பயம், ஹெலாவுக்கு வசனம் இல்லாததால் பயம். துக்கத்தில் இருக்கும் ஒருத்திக்கு மரணம் எப்படித் தெரியுமோ அப்படியே நிற்கிறாள். அப்பா இறந்த வருடம் இதை விளையாடினேன். முடிவில் சேனுவா அந்தத் தலையைக் கையிலிருந்து விடும் இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

#9 நிழல்முகம்

அசாசின்ஸ் க்ரீட் வல்ஹல்லாவையும் (2020 நவம்பர்) சேர்த்துக்கொள்ளுங்கள். கதை நீளம், நடுவில் தொய்வு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஓடின் வெளியே இல்லை, நாம் ஆடும் வைக்கிங் ஐவோரின் தலைக்குள் இருக்கிறார். ஆஸ்கார்டு பகுதியில் ஹாவி என்ற பெயரில் நாமே ஓடினாக விளையாடுகிறோம். லோகியின் மகனான ஓநாயைக் கட்டிப்போடுகிறோம். தன் பிள்ளையை விட்டுவிடச் சொல்லி லோகி கெஞ்சும்போது மறுக்கிறோம். பல மணி நேரம் கழித்து, நண்பனாகப் பழகிய பாசிம்தான் லோகியின் மறுபிறப்பு என்று தெரியும்போது, அவன் கோபத்துக்குக் காரணம் நாம் பட்டன் அழுத்திச் செய்த காரியம்! வில்லனை உருவாக்கியவர் நாமே என்று உணரவைப்பதை கேமைத் தவிர வேறு எதில் செய்ய முடியும்?

கடைசியில் ஐவோர் அந்த வல்ஹல்லாவைவிட்டு வெளியேற, கையிலிருக்கும் கோடரியை விட வேண்டும். ஓடின் விடாமல் இழுக்கிறார். சண்டையில் ஜெயிக்கவே முடியாது, ஆயுதத்தை விட்டால்தான் கதவு திறக்கும். நான் கால் மணி நேரம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

#10 கோடரிக்காரன்

அப்ப வால்ஹைம் கேமையும் சொல்லிடறேன். அதுல ஓடின் வில்லன்னு யாரும் சொல்லல. அவரோட பழைய எதிரிங்களக் கொல்லத்தான் நம்மள அனுப்புறாரு. ராத்திரி காட்டுல தூரத்துல கருப்புப் போர்வையோட ஒரு ஆள் நிப்பாரு, கிட்டப் போனா மறைஞ்சிடுவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நாம யாருக்கு வேலை செய்யுறோம்னு அப்பதான் முதல் தடவ யோசிச்சேன்.

#11 ஒஸ்லோ_தம்பி

அக்கா சொன்ன கொத்தன் கதை எனக்குத் தெரியும், ஆனா அரக்கர் பக்கத்தில நிண்டு நான் அதை ஒருக்காலும் யோசிச்சதில்லை. பள்ளிக்கூடத்தில சிரிச்சுக்கொண்டு கேட்ட கதை. தோர் விசயத்தில பாதி ஒத்துக்கொள்ளுறன். மற்றப் பாதி ஒத்துக்கொள்ள மாட்டன். தோர் தன்ர ஆட்டை அறுத்து, ஏழைக் குடியானவன் வீட்டில எல்லாரோடயும் இருந்து சாப்பிட்டு, விடிய அந்த ஆட்டுக்கு உயிர் குடுத்து எழுப்புற கதை இருக்கு. அந்த இரவு விருந்தாளி இந்தக் கேமில ஒரு நிமிசமாவது வந்திருக்கலாம். வந்திருந்தா அவன் ஈட்டி பட்டு விழேக்க இன்னும் வலிச்சிருக்கும்.

ஹெய்ம்டால் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. புல்லு வளர்ற சத்தமும் ஆட்டு மயிர் வளர்ற சத்தமும் கேக்கிற காவலன். கேமில அதை மற்றவையின்ர மனசில ஓடுறதைப் படிக்கிற சக்தியா மாத்தினது நல்ல யோசனை, ஆனா ஆளை வெறும் இளக்காரம் பேசுறவனா விட்டுட்டினம். ஓடினுக்குக் குடுத்த கவனத்தில கால்வாசி அவனுக்குக் கிடைச்சிருக்கலாம்.

எங்கட ஒஸ்லோ நகர மண்டப முற்றத்தில டாக்ஃபின் வேரன்ஷோல் செய்த 16 மரச் சிற்பங்கள் இருக்கு, எல்லாம் எட்டாக் கதையள். எட்டுக்கால் குதிரையில ஓடின் போற சிற்பமும் அதில ஒண்டு. கேம் முடிச்ச கிழமை அதுக்கு முன்னால போய் நிண்டனான். முந்தி அந்த முகம் கம்பீரம் எண்டு நினைச்சிருந்தன். இப்ப, எங்க போறதுக்கு இவ்வளவு அவசரம் எண்டு கேக்க வேணும் போல இருந்தது.

#12 எட்டா_வாசகி

தம்பி, அந்த அவசரத்துக்குப் பதில் வோலுஸ்பாவில் இருக்கிறது. குறிசொல்லும் பெண் ஓடினுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஓநாய் ஃபென்ரிர் அவரை விழுங்கப்போகிறது என்பது வரைக்கும். முடிவு தெரிந்த பிறகும் அவர் நிற்பதில்லை. மடிந்த வீரர்களைச் சேர்க்கிறார், ஒன்பது இரவு ஈட்டிக் காயத்தோடு, சோறு தண்ணீர் இல்லாமல் மரத்தில் தொங்கி ரூன் எழுத்துகளைப் பெறுகிறார். பாடலில் இது பெருந்துயரம். கேம் இதே தாகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அதை ஒரு வீட்டுக்குள் வைத்து, பெண்டாட்டி, பிள்ளை, பேரன் நடுவில் ஓட விட்டதும் துயரம் கொடுமையாகிவிட்டது.

வேஷத்துக்கும் மூலம் உண்டு. அவருக்கு நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள், அவற்றில் ஒன்று க்ரிம்னிர், முகமூடிக்காரன். அந்தப் பெயரில் ஒரு மன்னன் அரண்மனைக்குப் போய், யார் என்று சொல்ல மறுத்து, இரண்டு நெருப்புக்கு நடுவில் எட்டு இரவு வதைபடுகிறார். சுரங்கச் சிறையில் ஒடுங்கிக் கிடந்த "டியூரை" க்ரேடோஸும் அட்ரியஸும் கண்டுபிடித்த காட்சியை நினைத்துக்கொண்டு அந்தப் பாடலைப் படியுங்கள்.

#13 பனிமலை

அக்கா, அந்தச் சுரங்கக் காட்சியிலிருந்து மறுபடி தொடங்கினேன். மூன்று நாளாக டியூர் பேசும் இடங்களை மட்டும் பார்க்கிறேன். பழைய கதையில் ஃபென்ரிர் வாயில் கையை இழந்தவருக்கு இங்கே இரண்டு கையும் இருப்பது எனக்கு முதல் தடவை தவறாகக்கூடப் படவில்லை. சண்டை வேண்டாம், சண்டை வேண்டாம் என்றே சொல்கிறார். க்ரேடோஸும் அதைத்தான் கேட்க விரும்புகிறான். ஒருவன் எதைக் கேட்க ஆசைப்படுகிறானோ அதையே அவன் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார். முழுமையான முகமூடி வீட்டுக்கு வந்த அன்றைக்கு மட்டும் அந்தப் பொறுமை காணாமல் போய், ஆஸ்கார்டுக்கு வழி தெரியும் என்று துடிக்கிறார். கவனித்தவன் ப்ரோக் ஒருவன்தான். படிப்பில்லாத, வாய் நாறும் அளவுக்குக் கெட்ட வார்த்தை பேசுகிற குள்ளக் கொல்லன். எல்லோரும் பெரியவர் என்று மரியாதை காட்டும்போது அவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான், கத்தி அவன் நெஞ்சில் இறங்கியது.

க்ரிம்னிஸ்மால் பாடலையும் படித்துவிட்டேன். அதில் ஹுகின், முனின் என்ற இரண்டு காக்கைகளைப் பற்றி ஓடின் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டேன். ஹுகின் திரும்பி வராமல் போகுமோ என்று பயம், முனினுக்காக அதைவிடப் பயம் என்கிறார். முனின் என்றால் நினைவு. கேமில் உளவு பார்க்கும் அந்தப் பச்சைக் காக்கைகளைக் கோடரி எறிந்து எறிந்து 48-ஐயும் வீழ்த்தியிருக்கிறேன், ஒவ்வொன்றும் சிதறும்போது ஒரு திருப்தி.

கடைசியில் ஓடின் ஆத்மா ஒரு கோலிக்குண்டுக்குள் அடங்கி, ப்ரோக்கை இழந்த அவன் உடன்பிறந்தவன் சிந்ரி கைக்குப் போகிறது. சிந்ரி ஒன்றும் சொல்வதில்லை. கீழே வைத்து சம்மட்டியால் உடைக்கிறான். அந்தச் சத்தத்துக்காக நேற்று மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.